அனலுக்கு ஒரு வீடு

ரம்ஜான் பிறை தெரிவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே ஹைதராபாத் நகரத்தின் பழைய வீதிகளில் ஒரு விசேஷமான கட்டட வேலை தொடங்கிவிடுகிறது. சார்மினாரைச் சுற்றிலும், டோலி சௌக்கியிலும், இங்கே எங்கள் சிக்கந்தராபாத்திலும், ஆண்டில் பதினொரு மாதம் சும்மா கிடந்த ஹோட்டல் முற்றங்களில் செங்கல் வந்து இறங்குகிறது, மண் குழைபடுகிறது, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு திண்ணை எழும்புகிறது, அந்தத் திண்ணையின் நடுவே, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி, ஈயம் பூசிய பெரிய செப்புத் தேக்சா ஒன்று பதிக்கப்படுகிறது. இதைத்தான் இவ்வூரார் பட்டீ என்கிறார்கள். கீழே வாய் வைத்து விறகை உள்ளே தள்ளி, மேலே ஆட்டிறைச்சியும் கோதுமையும் பருப்பும் நெய்யும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேக, இரண்டு ஆட்கள் எதிரெதிரே நின்று உலக்கை போன்ற மரக்கட்டைகளால் இடித்துக் கடைந்து எடுப்பதுதான் ஹலீம். 2010-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. இந்தியாவில் இறைச்சி உணவு ஒன்றுக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல் முறை. பண்டத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அதை வேகவைக்கும் மண் கட்டடத்தைப் பற்றி எழுதியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

நான் புலால் உண்பவனல்லன். ஆயினும், நாற்பது வருஷங்களுக்கு மேலாக இந்நகரத்தில் குடியிருப்பவன் என்ற முறையில், ரம்ஜான் இரவுகளில் அந்தப் பட்டீக்களின் முன்னால் நின்று வேடிக்கை பார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். அப்படி நின்ற ஓர் இரவில், அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ஆள் எரியும் கட்டைகளையெல்லாம் வெளியே இழுத்து மண்ணைப் போட்டு அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். கட்டை அணைந்து, வாயில் சாம்பல் பூத்து, ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் தேக்சாவின் உள்ளே தளதளவென்ற கொதி மட்டும் நிற்கவில்லை. நெருப்பு போன பிறகும் வேகவைத்துக்கொண்டிருந்தது எது? சுற்றியிருந்த செங்கல்லும் மண்ணும்தான். பகலெல்லாம் உண்ட சூட்டை, கஞ்சன் காசை எண்ணிக் கொடுப்பதுபோல, அந்தச் சுவர் இரவெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டில், மாமரத்துக்கு அப்பால் காலியாகக் கிடந்த பத்தடி இடத்தில், ரொட்டி சுடும் விறகு அடுப்பு ஒன்று கட்டவேண்டும் என்று பல நாளாக எனக்கிருந்த ஆசை அந்த இரவில்தான் தீர்மானமாயிற்று.

அடுப்பு என்று எழுதினேன். அந்தச் சொல் இங்கே போதாது. தமிழனுக்கு அடுப்பு என்றால் மூன்று குமிழும் மேலே ஒரு பானையும்தான் கண்ணுக்கு முன்னால் வரும். கல்யாண வீட்டில் அது நீண்டு கோட்டை அடுப்பாகும். நெருப்பு மூட்டிய அறைக்குள்ளேயே பண்டத்தையும் வைத்து, வாயை மூடி, நாலு புறமிருந்தும் வரும் அனலில் வேகவிடும் ஏற்பாடு நம் பாட்டிமார்களின் சமையற்கட்டில் இருந்ததில்லை. நம்மவர்களில் அதற்கு ஒரு தனிச் சொல்லை வைத்துக்கொண்டிருப்பவர்கள் யாழ்ப்பாணத்தார். போர்த்துக்கீசியரிடமிருந்து பாண் என்ற ரொட்டியை வாங்கிக்கொண்டபோதே அதைச் சுடும் அடுப்பின் பெயரையும் அவர்கள் வாங்கிப் போறணை என்று ஆக்கிக்கொண்டார்கள். வாய்க்கு இதமாகவும் பொருளுக்குப் பொருத்தமாகவும் இருக்கும் அந்தச் சொல்லையே இந்தக் கட்டுரையில் நானும் எடுத்தாள்கிறேன்.

போறணையின் வமிசம் மிகப் பழையது. ராஜஸ்தானத்துக் காலிபங்கனில் சிந்துவெளி நாகரிக காலத்து வீடுகளைத் தோண்டியபோது, தரைக்குக் கீழேயும் மேலேயும் கட்டிய மண் அடுப்புகள், இன்றைய தந்தூரின் சாயலிலேயே கிடைத்திருக்கின்றன. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்தின் ஒரு ரொட்டிக் கடைப் போறணையைத் திறந்தபோது உள்ளே 81 ரொட்டிகள் கரியாகி, வட்டம் குலையாமல், வைத்தவன் வைத்தபடி இருந்தன. ஹைதராபாத்துக்கும் இதில் பங்கு உண்டு. புரானி ஹவேலிப் பக்கம், 1851-இல் நிஜாம் அரசின் முன்ஷி ஒருவரால் தொடங்கப்பட்டதென்று சொல்லப்படும் நான் ரொட்டிக் கடையின் தந்தூர், கிணறு போலத் தரைக்குள் இறங்குவது. நான்கு மூலை வைத்து இழுத்த மாவை அதன் சுவரில் அறைந்து ஒட்டி, வெந்ததும் இரண்டு இரும்புக் கம்பிகளால் லாகவமாகப் பெயர்த்தெடுப்பார்கள். கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் பெயரைத் தாங்கிய உஸ்மானியா பிஸ்கோத்து, தித்திப்பும் உப்புமாக நாக்கில் கரையும் அந்த அற்புதம், பிறந்து வளர்ந்ததும் விறகுப் போறணைகளில்தான். பார்க்கஸ் என்னும் பேட்டையில், நிஜாமின் படையில் சேவகம் செய்ய வந்த அரபியரின் சந்ததியார் ஹலீமைப் போன்ற ஹரீஸ் என்னும் பண்டத்தை இன்றும் காய்ச்சுகிறார்கள். பாரக்ஸ் என்ற ஆங்கிலச் சொல் திரிந்துதான் பேட்டைக்கே பெயராயிற்று.

எனக்கு வேலை செய்ய வந்த மேஸ்திரி பாலமூர்க்காரர். மகபூப்நகர் என்று அரசாங்க ஏடுகளில் இருக்கும் அந்த ஜில்லாவை ஜனங்கள் பாலமூர் என்றுதான் சொல்வார்கள். வானம் பார்த்த பூமி. மண் வேலைக்கென்று வருஷாவருஷம் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு, தேசத்தின் எத்தனையோ அணைகளையும் கால்வாய்களையும் வெட்டிக் கொடுத்த ஜனங்கள். அவர் ரம்ஜானுக்கு முன் பட்டீ கட்டுவார். மற்றக் காலங்களில் மதில் கட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாது. நான் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்திருந்த படத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பின்கட்டில் நான் குவித்து வைத்திருந்த கரிசல் மண்ணில் ஒரு பிடி அள்ளி, நீர் தெளித்துப் பிசைந்து, விரல் மொத்தத்துக்குத் திரியாக உருட்டி, தம் சுட்டுவிரலைச் சுற்றி வளைத்தார். திரி விரியாமல் வளைந்தது. எனக்குச் சந்தோஷம், அவருக்கு இல்லை.

“இந்த மண் வேண்டாம் சார். இப்போது நன்றாக வளையும். காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். புற்று மண் கொண்டுவருகிறேன், வண்டிச் சத்தம் மட்டும் கொடுத்துவிடுங்கள்” என்றார்.

“புற்று மண் எத்தனை வேண்டியிருக்கும், மேஸ்திரி காரு?”

“எட்டுச் சட்டி போதும். மணல் அதற்கு இரண்டு பங்கு.”

தெலுங்கில் அவர் புட்ட மன்னு என்று சொன்ன சொல் என் காதில் தமிழாகவே விழுந்தது. சிறு வயதில் எங்கள் கிராமத்தில் அடுப்புப் போடப் புற்று மண் தேடிப் போன ஞாபகமும் கூடவே வந்தது. கறையான் வாயில் அரைபட்டு அரைபட்டு, கல்லும் வேரும் நீங்கி, மாவுபோல் ஆன மண் அது. கரிசலுக்கு ரேகடி என்று இந்நாட்டார் இட்ட பெயரிலிருந்துதான் ரெகூர் என்ற சொல் உலகத்தாரின் மண்ணியல் நூல்களுக்குப் போயிற்று. பருத்திக்கு அதைவிடச் சிறந்த மண் இல்லை. ஆனால் மழையில் பருத்து வெயிலில் சுருங்குவது அதன் சுபாவம். நெருப்பின் அருகே அந்தச் சுபாவம் அடுப்பையே பிளந்துவிடும்.

அடுத்த தடை கல். ஹைதராபாத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கற் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதுதான் இந்நகரத்தின் லட்சணம். கோல்கொண்டாக் கோட்டையே அந்தக் கல். ஆகவே போறணையின் தளத்துக்குக் கருங்கல் பலகையைப் போட்டுவிடலாம் என்று நினைப்பது இயல்பு. அது அபாயம். கருங்கல்லுக்குள் மணிமணியாக இருக்கும் குவார்ட்ஸ் என்னும் பளிங்கு, 573 பாகை செல்சியஸ் சூட்டில் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென்று பருக்கிறது. பக்கத்திலுள்ள மற்றத் தாதுக்கள் அந்த அளவில் பருப்பதில்லை. கல் வெடித்துச் சில்லு சில்லாகத் தெறிக்கிறது. இந்த ஊர் வீடுகளிலெல்லாம் தரைக்குப் போடும் ஷாபாத் கல்லும் தாண்டூர்க் கல்லும் சுண்ணாம்புக் கற்கள். ஏடு ஏடாக அமைந்தவை. ஏடுகளுக்கிடையே ஈரம் இருந்தால் அவையும் சூட்டில் பெயர்ந்து எகிறும். சிமெண்டும் உதவாது. 400 பாகையைத் தாண்டியதும் அதற்குள் கட்டுண்டிருக்கும் நீர் பிரிந்து, பிறகு வரும் மழை ஈரத்தில் மறுபடி பருத்துப் பொடியாகிவிடும். பெரிய வீடுகள் கட்டுவதற்கு உரிய உயர்ந்த பொருள்கள் எல்லாம் நெருப்புக்கு முன்னால் தோற்றுப்போக, ஏற்கெனவே ஒருமுறை தீயில் வெந்த செங்கல்லும், எவரும் விலை கொடுத்து வாங்காத புற்று மண்ணும்தான் நிற்கின்றன. தளத்துக்கு மட்டும் உலைகளில் வைக்கும் நெருப்புச் செங்கல் நாற்பது வாங்கினேன்.

மொட்டை மாடியில் கட்டலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள், கூடாது. உள்விட்டம் மூன்றடியுள்ள சிறிய போறணைகூடப் பீடத்தோடு சேர்ந்து ஒரு டன்னுக்குக் குறையாமல் கனக்கும்.

பீடத்தை மூன்றடி உயரத்துக்கு எழுப்பி, அதன்மேல் காலிக் கண்ணாடிப் புட்டிகளை நெருக்கமாகப் படுக்க வைத்து, இடுக்குகளையெல்லாம் உமிச் சாம்பலும் சிறிது மண்ணும் குழைத்து நிரப்பினோம். நல்கொண்டா ஜில்லாவின் மிரியாலகூடா அரிசி ஆலைகளுக்குப் பேர் போனது. அங்கிருந்து இரண்டு மூட்டை உமிச் சாம்பல் வந்து சேர்ந்தது. புட்டிக்குள் அடைபட்ட காற்றும், சாம்பலுக்குள் அடைபட்ட காற்றும், சூட்டைக் கீழே இறங்கவிடாமல் தடுப்பவை. அதன்மேல் இரண்டங்குலம் மணல் பரப்பி மட்டம் பார்த்து, நெருப்புச் செங்கற்களைச் சாந்தே இல்லாமல், ஒன்றையொன்று முத்தமிடும்படி பதித்தார் மேஸ்திரி. சாந்து வைத்தால் கல் பருக்கும்போது இடமில்லாமல் நெட்டும். வைக்காவிட்டால் மணலின்மேல் தாராளமாக நகர்ந்துகொள்ளும்.

இனிக் கூரை. தளத்தின்மேல் ஈர மணலைக் குவித்து, கவிழ்த்த கடாயைப்போல, பதினாறு அங்குல உயரத்துக்கு ஒரு மேடு செய்துகொண்டோம். அதன்மேல் ஈரக் காகிதம் ஒட்டவேண்டும். பிறகு மணலை எடுக்கும்போது எங்கே மணல் முடிந்து எங்கே மண் தொடங்குகிறது என்பதைக் கைக்குக் காட்டிக் கொடுப்பது அந்தக் காகிதம்தான். வீட்டிலிருந்த பழைய தெலுங்கு நாளிதழ்களும், பக்கத்து வீட்டு உருது நாளிதழ்களும், எனக்கு ரயிலில் வந்துசேரும் தமிழ்ப் பத்திரிகைகளும் நனைந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன. அதன்மேல் நான்கங்குல மொத்தத்துக்குப் புற்று மண்ணும் மணலும் குழைத்த கலவை. மேஸ்திரி அதை மேலே அப்பவில்லை. கையகல உருண்டைகளாகப் பிடித்து, கீழிருந்து வரிசையாக அடுக்கி, ஒவ்வோர் உருண்டையையும் மணல் மேட்டின்மேல் அழுத்தாமல் கீழே உள்ள உருண்டையின்மேல் அழுத்திக்கொண்டே போனார். மணலின்மேல் அழுத்தினால் கூரையை மணல் தாங்கும். மண்ணின்மேல் அழுத்தினால்தான் கூரை தன்னைத் தானே தாங்கும். இதை அவர் விளக்கிச் சொல்லவில்லை. ஓரிடத்தில் நான் அழுத்தியதைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து நகர்த்தி வைத்தார்.

மூன்றாம் நாள், மண் விரல் பதியாத அளவுக்கு இறுகியதும், வாயை வெட்டினோம். போறணைக் கலையின் மர்மம் முழுவதும் அந்த வாயில் அடங்கியிருக்கிறது. வாயின் உயரம் உட்கூரையின் உயரத்தில் நூற்றுக்கு அறுபத்துமூன்று பங்காக இருக்கவேண்டுமென்பது மண் போறணை கட்டுவோரிடம் உலகெங்கும் வழங்கும் கணக்கு. பதினாறு அங்குலக் கூரைக்குப் பத்து அங்குல வாய். அதைவிட உயர்ந்தால் சூடு வெளியேறிவிடும். தாழ்ந்தால் நெருப்பு மூச்சு முட்டும். போறணைக்குப் பின்புறத்தில் துவாரம் கிடையாது. குளிர்ந்த காற்று வாயின் கீழ்ப்பாதி வழியாக நுழைந்து, தளத்தோடு தவழ்ந்து நெருப்பை அடைகிறது. ஜ்வாலை பின்சுவரில் ஏறி, கூரையை நக்கிக்கொண்டு, முன்னோக்கித் திரும்பி வருகிறது. புகை வாயின் மேற்பாதி வழியாக வெளியேறுகிறது. ஆகவே புகைபோக்கியை வாய்க்கு நேர் மேலே, முன்புறத்தில்தான் வைக்கவேண்டும். பின்புறத்தில் வைத்தால் நாம் மூட்டும் நெருப்பெல்லாம் நேரே ஆகாயத்துக்குப் போய்விடும்.

புகைபோக்கியைப் பற்றி எழுதும்போது, ஹைதராபாத் மறந்துவிட்ட ஒரு பெரியவரை நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. நிஜாம் ராஜ்யம் இந்தியாவோடு இணைந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த 1953-இல், ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. ராஜு, கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குப் புகையில்லாத சமையலறை என்ற கருத்தைத் தலைப்பிலேயே தாங்கிய ஒரு சிறு நூலை ஆங்கிலத்தில் எழுதினார்; அது சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அதில் அவர் விவரித்த அடுப்புக்கு மூடிய மண் உடம்பு. முதற்பானைக்குக் கீழே நெருப்பு. அதன் மிச்ச அனல் மண்ணுக்குள் குடைந்த வழியாக இரண்டாம் பானைக்கும் மூன்றாம் பானைக்கும் சென்று, கடைசியில் சுவரோரப் புகைபோக்கியில் ஏறிவிடும். காற்றோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தகடு. வீட்டிலுள்ளவர்கள் தாங்களே மண்ணைக் குழைத்துக் கட்டிக்கொள்ளக்கூடிய அடுப்பு. அதற்குச் சில வருஷங்கள் முன்பே வார்தாவின் மகன்வாடியில், நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா நடத்திவந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தில், மகன் சூளா என்ற புகையில்லா அடுப்பு உருவாகியிருந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்துகொண்டு குடிசையின் அடுப்பங்கரையைப் பொறியியல் பிரச்சினையாக எண்ணிய ராஜுவின் மனோபாவத்துக்கு நான் தலை வணங்குகிறேன். என் தாயார் ஊதுகுழலும் கையுமாக, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. எங்கள் வீட்டுக் கொடி அடுப்பிலும் பக்கத்துப் பானைக்கு அனல் போக ஒரு வழி இருந்தது. புகை போகத்தான் வழி இல்லை.

ஆயினும் உண்மையை மறைத்துப் பெருமை பேசுவது அந்தப் பெரியவருக்குச் செய்யும் மரியாதையாகாது. 1980-களில் தொடங்கி 2002 வரை இந்திய அரசாங்கம் இவ்வகைச் சீர்திருத்த அடுப்புகளை மூன்று கோடிக்கு மேல் தேசமெங்கும் கட்டிக் கொடுத்தது. அவற்றில் பல சீக்கிரத்திலேயே இடிந்தன, அல்லது புகைபோக்கி கரி அடைத்துக் கைவிடப்பட்டன. கனத்த மண் அடுப்புகளை அளந்து பார்த்த பொறியியலாளர்கள் இன்னொரு குறையையும் கண்டுபிடித்தார்கள்: அரைமணிச் சமையலுக்கு மூட்டிய நெருப்பின் சூட்டில் பெரும் பங்கைப் பானைக்குப் போகவிடாமல் அடுப்பின் மண்ணே உண்டுவிடுகிறது, சில அடுப்புகள் மூன்று கல் வைத்த அடுப்பைவிட அதிக விறகு கேட்டன. இதைப் படித்தபோதுதான் அன்று இரவு பட்டீயின் முன்னால் நான் கண்டதன் தாத்பரியம் எனக்கு முழுவதும் விளங்கிற்று. அவசரச் சமையலில் சூட்டைத் திருடும் அதே மண், பன்னிரண்டு மணி நேரச் சமையலில் சூட்டைக் காக்கும் களஞ்சியமாகிறது. அன்றாடம் சோறு வடிக்கிற அடுப்புக்கு லேசான உடம்பு வேண்டும். போறணைக்கும் பட்டீக்கும் கனத்த உடம்பு வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு போறணையில் காப்பிக்கு வெந்நீர் வைக்கப் புகுவோர் விறகையும் வீணாக்கி, ஊரையும் புகையாக்குவார்கள்.

புகையைப் பற்றிய கவலை இன்று அவசியம். 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம், மும்பையின் விறகு, கரி அடுப்பு ரொட்டிக் கடைகள் ஆறு மாதத்துக்குள் வாயுவுக்கோ மற்றத் தூய எரிபொருளுக்கோ மாறவேண்டும் என்று உத்தரவிட்டது. தினந்தோறும் மூட்டும் கடைக்கு அது நியாயமே. மாதத்துக்கு இரண்டு முறை மூட்டும் வீட்டுப் போறணைக்காரனுக்கும் ஒரு கடமை உண்டு: ஈர விறகைத் தொடாமல் இருப்பது. பச்சைக் கட்டை தன் நீரைக் கொதிக்க வைப்பதில் சூட்டின் ஒரு பங்கைச் செலவழித்துவிட்டு, சரியாக எரியாமல் புகையைக் கக்கும். நான் கருவேலங்கட்டை வாங்கி, மணிக்கட்டு மொத்தத்துக்குப் பிளந்து, ஒரு கோடை முழுவதும் கூரைக்கடியில் அடுக்கி வைத்திருந்துதான் எரிக்கிறேன். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கிண்ணென்று கேட்கவேண்டும், பொத்தென்று கேட்கக்கூடாது.

மணலை வெளியே வாரி எடுத்தபோது கூரை நின்றது. உள்ளே தலையை நுழைத்துப் பார்த்தேன். மண்ணின்மேல் காகிதத்தின் எழுத்துகள் மூன்று லிபிகளிலும் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தன. அப்போதே நெருப்பு மூட்டவேண்டுமென்ற ஆவல். மேஸ்திரி பத்து நாள் என்றார். நான் ஆறாம் நாளே, மேகம் கறுக்கிறதே, சித்திரை மழை வந்துவிடுமே என்ற பயத்தில், அவரில்லாத நேரத்தில் கைநிறையக் கட்டை வைத்துப் பற்றவைத்தேன். நாற்பது நிமிஷத்தில், தேங்காய் உடைபடுவதுபோல் ஒரு சத்தம். வாயின் வலது தோளிலிருந்து கூரையின் உச்சிவரை ஒரு பிளவு ஓடியிருந்தது. ஒரு துளி நீர் ஆவியானால் ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும்; வெளிப்புறம் காய்ந்து இறுகிய மண்ணுக்குள் அகப்பட்ட ஈரம் அந்த இடத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது. மறுநாள் மேஸ்திரி வந்து பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிளவைக் கரண்டியால் இன்னும் சற்று அகலமாக்கி, நீர் தெளித்து, கூழ்போல் கரைத்த புற்று மண்ணை உள்ளே வழியவிட்டு, மேலே நறுக்கிய வைக்கோல் கலந்த மண்ணை நான்கு விரற்கடைக்கு அப்பி, சாக்கை நனைத்துப் போர்த்திவிட்டுப் போனார். பிறகு ஒரு வாரம், முதல் நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளி, அடுத்த நாள் இரண்டு கைப்பிடி என்று, பிரசவித்தவளுக்குப் பத்தியம் வைப்பதுபோல் சிறு தீ மூட்டி ஈரத்தை வெளியேற்றினோம். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. சூடேறும்போது மயிரிழையாய்த் திறக்கும்; ஆறும்போது மூடிக்கொள்ளும்.

போறணையில் சூடு பார்க்கக் கருவி வேண்டியதில்லை. தீ மூட்டிய முதல் மணி நேரத்தில் உட்கூரை முழுவதும் கரி படிந்து அமாவாசை போலக் கறுத்துவிடும். கட்டை போட்டுக்கொண்டே இருக்க, இரண்டாம் மணி நேரத்தில், உச்சியில் ஓரிடத்தில் கறுப்பு விலகி மண் வெளுப்பாகத் தெரியும். கூரையின் சூடு அங்கே 350 பாகையைத் தாண்டிவிட்டது, படிந்த கரியும் எரிந்துபோகிறது என்று அர்த்தம். அந்த வெளுப்பு மெதுவாகக் கீழே இறங்கி, பிறை வளர்வதுபோல் பரவிச் சுவர் முழுவதும் தெளியும்போது போறணை நிறைந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஈடான சுகத்தை நான் அதிகம் அனுபவித்ததில்லை. அப்புறம் தணலை வாரி வெளியேற்றி, ஈரத் துணி கட்டிய கம்பால் தளத்தைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பார்க்கவேண்டும். உடனே கருகினால் பொறுக்கவேண்டும். நிதானமாகப் பொன்னிறமானால் ரொட்டியை வைக்கலாம்.

ஒரு தடவை மூட்டிய நெருப்பு எங்கள் வீட்டில் இப்படிச் செலவாகிறது. தணல் உள்ளே ஓரத்தில் இருக்கும்போதே நான் ரொட்டி. ஒன்றுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆவதில்லை. தணலை வாரிய பிறகு கதவை மூடி ஒரு மணி நேரம் அனலைச் சமனப்படுத்தி, 230 பாகை அளவில் ரொட்டிகள். மாலையில் 180-க்கு இறங்கும்போது, வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் ஒரு துளி உப்பும் சேர்த்துப் பிசைந்த உஸ்மானியா பிஸ்கோத்து. ஓரம் சிவந்து நடு வெளுத்திருக்க எடுக்கவேண்டும், முற்றவிட்டால் கரையும் குணம் போய்விடும். விளக்கு வைத்த பிறகு, என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சேலத்துக் கல்சட்டியில், ஊறவைத்த உடைத்த கோதுமையும் கடலைப் பருப்பும் இஞ்சியும் பட்டையும் பாலும் நெய்யுமாக நிரப்பி, மூடியை மாவால் ஒட்டி, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, ஈரச் சாக்கையும் முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். ஹலீமில் இறைச்சி நீங்க மற்றது என்னவோ அதுதான் அது. இடிக்க ஆள் இல்லை. இரவு முழுவதும் சுவர் கொடுக்கும் சூட்டிலேயே கோதுமை தன்னால் குழைந்துவிடுகிறது.

காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் முகத்தில் மோதும் காற்றில் நெய் வாசனை இருக்கும். சட்டியை வெளியே எடுத்த பின்னும் போறணை வெயிலில் காய்ந்த அம்மியளவு சூட்டோடு இருப்பதால், அடுத்த முறைக்கான கருவேலங்கட்டைகளை அதற்குள் அடுக்கி உலர வைக்கிறேன். சென்ற மாதம் அப்படி அடுக்கிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். ரம்ஜான் வேலை தொடங்கிவிட்டதாம், மலக்பேட்டையில் மூன்று பட்டீ கட்டவேண்டுமாம், இந்தப் பக்கம் போகையில் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தாராம். கல்சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுத்தோம். நின்றபடியே உண்டார். பிறகு போறணையின் வலது தோளில், பிளவு ஓடிய இடத்தில், உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, “நேற்று எத்தனை மணிக்கு நெருப்பை எடுத்தீர்கள் சார்?” என்று கேட்டார்.

மத்தியானம் ஒரு மணிக்கு என்றேன். கையை எடுக்காமலே தலையை அசைத்தார்.